தோட்டத்து இளைஞர்கள் கூடிய வரலாறு



தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்கே போய் நிற்கிறது? யாரோடு சேர்கிறது? இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. நம் தாத்தா பாட்டிமார்கள் லயத்து அஞ்சடியில் உட்கார்ந்து கவலைப்பட்ட கேள்வி இது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லை" என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் இந்நாட்டுத் தோட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால், பெரியவர்கள் தயங்கி நின்ற இடத்தில் இருபது வயது இளைஞர்கள் முன்னே வந்து நின்ற கதைகள் பல கிடைக்கின்றன. அவற்றுள் சிலவற்றைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் அந்தக் காலத்துத் தோட்டத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். விடியுமுன் தப்புச் சத்தம். இருட்டோடு இருட்டாகப் பிரட்டுக் களம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தாயும் தகப்பனும் பால் காட்டுக்குப் போவார்கள். கைப்பிள்ளை ஆயாக் கொட்டகைக்குப் போகும். கூட்டு மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. ஜொகூரிலும் அதே வழியில் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர, பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகையும், கிராணி வேலையோடு பாடமும் சொல்லிக் கொடுக்கும் ஒருவருமாகத்தான் இருந்தது. மூன்றாம் நான்காம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். பன்னிரண்டு வயதில் புல் வெட்டப் போன பையன், பதினாறு வயதில் தனக்கென்று ஒரு நிரை மரம் வாங்கிவிடுவான். பிறகு அவனுக்கு என்ன இருந்தது? வருடத்துக்கு ஒரு திருவிழா, எப்போதாவது ஒரு கூத்து, தினந்தோறும் கள்ளுக் கடை. பேசும் உரிமை துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் இருந்தது. இளைஞன் எழுந்து நின்று பேசும்படியாக ஒரு கூட்டம் தோட்டத்தில் கிடையாது.

இந்த நிலையில் 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் நடந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதில் முன்னணியில் இருந்தார். காந்தி குல்லாய் அணிந்துகொண்டு தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு ஈடான சம்பளம் கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கச் சொன்னார்கள். பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பட்டியலிலேயே இன்னும் இரண்டு இருந்தன. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு வேண்டும்; கள்ளுக் கடையை மூட வேண்டும். சம்பளத்துக்காகப் போராடிய மக்கள், பிள்ளைகளின் படிப்பையும் கள்ளையும் ஏன் அதோடு சேர்த்தார்கள்? சம்பளம் உயர்ந்தாலும் கள்ளுக் கடை திறந்திருந்தால் அந்த உயர்வு வீட்டுக்கு வராது என்பது தாய்மார்களுக்குத் தெரியும். பள்ளி இல்லாவிட்டால் அடுத்த தலைமுறையும் அதே பிரட்டுக் களத்தில்தான் நிற்கும் என்பதும் தெரியும். மே மாதத்தில் நாதன் கைதானார்; பட்டாளம் வந்தது; ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கொடுமையை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஜொகூர்த் தோட்டங்களிலிருந்தும் போனார்கள். போனவர்களில் திரும்பாதவர் பல்லாயிரம். ஆனால் அந்த ஆண்டுகளில் மற்றொன்றும் நடந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். டாக்டர் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். சிறுவர்களுக்கும் பால சேனை என்று ஓர் அணி இருந்தது. அந்தப் படை போரில் வென்றதா தோற்றதா என்பது வேறு விஷயம். கங்காணியின் முன் கைகட்டி நின்ற ஒரு பையன் முதன்முறையாகச் சீருடை போட்டான், அணிவகுத்து நடந்தான், பத்துப் பேருக்குக் கட்டளையிடக் கற்றுக்கொண்டான். 1945-இல் போர் முடிந்து அவன் திரும்பி வந்தபோது தோட்டம் பழைய தோட்டமாக இருந்தது. அவன் பழைய ஆளாக இல்லை.

இங்கேதான் நம் கதையின் முக்கியமான பகுதி தொடங்குகிறது. வடக்கே கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கு அருகே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டம் என்று ஒரு பெரிய ரப்பர்த் தோட்டம். போருக்குப் பிந்திய மாதங்களில் அங்கே ஏ. எம். சாமி என்பவர் தலைமையில் ஓர் இளைஞர் அணி உருவாயிற்று. அதற்குப் பெயர் தொண்டர் படை. சாமி பெரிய படிப்பாளியுமல்லர், வெளியூரிலிருந்து வந்த அரசியல் தலைவருமல்லர். தோட்டத்து மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்ற இளைஞர்கள் அவரோடு சேர்ந்தார்கள். சுற்றியிருந்த தோட்டங்களுக்கும் படை பரவியது.

தொண்டர் படை என்ன செய்தது? மாலையில் அணிவகுப்பும் தடிப் பயிற்சியும் நடந்தன. ஆனால் அணிவகுப்பு மட்டும் செய்திருந்தால் இன்று நாம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவர்கள் கையில் எடுத்தது கள் ஒழிப்பு. தோட்டத்துக் கள்ளுக் கடை ஏதோ ஒரு மூலையில் திருட்டுத்தனமாக நடந்த கடையன்று என்பதை இளைய நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அரசாங்கத்தின் அனுமதியோடு, நிர்வாகத்தின் ஏற்பாட்டில், தோட்டத்துக்குள்ளேயே நடந்தது அது. போருக்கு முந்திய ஆண்டுகளில் ஆணுக்கு நாட்கூலி ஐம்பது காசை ஒட்டியும், பெண்ணுக்கு நாற்பது காசை ஒட்டியும் இருந்தது. அந்தக் காசில் ஒரு பங்கு மாலையில் தோட்டத்துக் கடைக்கே திரும்பிப் போய்விடும். மளிகைக் கடைப் பற்று ஏறிக்கொண்டே போகும். கணவன் குடித்துவிட்டு வந்தால் அடுத்த நாள் காலை மனைவி தனியாகக் காட்டுக்குப் போக வேண்டும். ஆகவே இளைஞர்கள் கள்ளுக் கடைக்கு முன்னால் போய் நின்று மறியல் செய்தபோது தாய்மார்கள் அவர்கள் பக்கம் நின்றதில் வியப்பில்லை. ஓர் இளைஞர் அணிக்கு இதைவிடப் பெரிய பலம் வேறு எது? பிள்ளைகள் கூடிய காரணமும் வீட்டின் கவலையும் ஒன்றாக இருந்தன.

கள்ளோடு அவர்கள் நிற்கவுமில்லை. லயத்துச் சுத்தம், பிள்ளைகளின் படிப்பு, குடும்பச் சச்சரவு எல்லாவற்றிலும் தலையிட்டார்கள். அதுவரை தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த கங்காணியின் அதிகாரம் ஆட்டம் கண்டது. நிர்வாகத்துக்குப் பொறுக்குமா? கள் குடிப்பதை நிறுத்துகிறவன் நாளைக்குக் கூலியைப் பற்றியும் கேட்பான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொண்டர் படையினர் குடித்தவர்களைப் பிடித்துத் தண்டிக்கவும் செய்தார்கள். தகப்பன் வயதில் உள்ளவரை இருபது வயதுப் பையன் எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்துவது என்பது, நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், லயத்தில் ஆறாத பகையை வளர்க்கும். குடியை நிறுத்த வேண்டியவன் குடியை விட்டுவிட்டுப் படையை வெறுக்கத் தொடங்குவான். வெள்ளைக்கார அதிகாரிகளும் இதையே பிடித்துக்கொண்டார்கள். தனிப் பட்டாளம் நடத்துகிறார்கள், மக்களை மிரட்டுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று நான் ஒப்பமாட்டேன். ஆனால் அப்படிச் சொல்ல இடம் கொடுத்தது படையின் பலவீனம் என்றே கருதுகிறேன்.

1947 பிப்ரவரி இறுதியிலும் மார்ச் தொடக்கத்திலும் பீடோங் வட்டாரத்தில் கள் எதிர்ப்பு இளைஞர்களும் தொழிலாளர்களும் போலீசாருடன் மோத நேர்ந்தது. ஒரு தொழிலாளி உயிரிழந்தார். பலர் கைதாகிச் சிறைக்குப் போனார்கள். ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு. அங்கும் ஓர் உயிர் போயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவசரகாலச் சட்டம் வந்தபோது தோட்டத்தில் நாலு பேர் கூடி நிற்பதே ஆபத்து என்றாகிவிட்டது. தொண்டர் படை மறைந்தது. பல தோட்டங்களில் கள்ளுக் கடை மட்டும் மறையவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது.

அவசரகாலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அணிவகுப்பு மூடப்பட்ட பாதை. அவர்கள் வேறு வழியில் கூடினார்கள். தொழிலுக்கென்று, பல சங்கங்கள் இணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது, பி. பி. நாராயணன் அதன் பெருந்தலைவர்களுள் ஒருவர். இளைஞர்களுக்கென்று வழி திறந்தது ஒரு பத்திரிகை. 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு', அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணியின் கையில் தோட்டத்து மக்களின் பத்திரிகையாகவே வளர்ந்தது. சிங்கப்பூரும் மலாயாவும் பிரியாத காலம் அது. 1924-இல் திறந்த ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து பத்திரிகை வருவதற்குத் தடையேதுமில்லை. 1950-களில் அந்தப் பத்திரிகை மாணவர் மணிமன்றம் என்ற பெயரில் பிள்ளைகளுக்கு ஒரு பகுதியை ஒதுக்கியது. தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளை ஒரு சிறுகதையையோ நாலு வரிக் கவிதையையோ எழுதி அனுப்பலாம். பெயர் அச்சில் வரும். தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளைக்கு என்ன உண்டாகும் என்பதை ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தப் பகுதியைப் படித்து வளர்ந்தவர்களும் அவர்களைப் பார்த்து வந்தவர்களும் ஊர் ஊராகத் தமிழ் இளைஞர் மணிமன்றங்களை அமைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மணிமன்றம் என்ற பேச்சு வந்தது. அதே சாரங்கபாணி 1950-களின் நடுவில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்மரம் வெட்டியவர்கள் கொடுத்தார்கள். 1956-இல் துறை அமைந்தது. தம் பிள்ளை ஒரு நாளும் நுழையாமல் போகக்கூடிய ஒரு பல்கலைக்கழகத்துக்கு அந்த வெள்ளியை அவர்கள் கொடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மணிமன்றத்தின் சிறப்பு எங்கே இருந்தது என்று கேட்டால், மேடையைவிட அதன் கணக்குப் புத்தகத்தில் இருந்தது என்பேன். வேடிக்கையாகச் சொல்லவில்லை. மன்றம் என்றால் தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். கூட்டம் நடந்தால் குறிப்பு எழுத வேண்டும். சந்தா வாங்கினால் ரசீது கொடுக்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் "போன பொங்கல் விழாவில் பந்தலுக்கு எவ்வளவு?" என்று யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். இப்படி ஒரு பழக்கம் தோட்டத்தில் அதற்கு முன்பு ஏது? துரையிடம் கணக்குக் கேட்க முடியாது. கங்காணியிடம் கேட்க முடியாது. பேச்சுப் போட்டி, திருக்குறள் மனனம், நாடகம், வாசக சாலை, பந்து விளையாட்டு எல்லாம் நடந்தன, நல்லவைதாம். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் முப்பது வெள்ளிக் கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசித்து ஒப்புவிப்பதில் உள்ள பயிற்சி, எந்த மேடைப் பேச்சிலும் கிடைக்காது. பின்னாளில் தொழிற்சங்கக் கிளையிலும், கோவில் நிர்வாகத்திலும், பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும் பொறுப்பேற்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். "மன்றத்தில் கற்றுக்கொண்டது" என்று சொல்பவர்கள் எங்கள் குளுவாங், ரெங்கம் பக்கத்தில் இன்றும் இருக்கிறார்கள்.

குறையும் இருந்தது. பெண் பிள்ளைகள். ஜான்சி ராணிப் படைக்குப் பெண்ணை அனுப்பிய சமுதாயம், மன்றக் கூட்டத்துக்கு அனுப்பத் தயங்கியது. காரணம் மனம் மட்டுமல்ல, நேரமும்தான். ஆண் பிள்ளைகள் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு, இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைப்பார்கள். அந்நேரத்தில் எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? மாலை நேரத்தில் கூட்டம் வைத்தால் பெண் பிள்ளை தண்ணீர் பிடித்துக்கொண்டு, தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக்கொண்டு இருப்பாள். ஞாயிறு முற்பகலில் பள்ளிக்கூடத்தில் கூடினால் பெண்கள் வருவார்கள் என்பதை நானே என் பள்ளியில் பார்த்திருக்கிறேன். தாயின் கண்ணுக்குத் தெரியும் இடம், பகல் வெளிச்சம், உடன் ஓர் ஆசிரியை. இவ்வளவுதான் தேவைப்பட்டது. உழைக்கும் குடும்பத்துக்கு என்று ஒரு காரியத்தைத் தொடங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குடும்பத்தின் கடிகாரத்தை.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட கதையும், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டம் வாங்க வழி காட்டியதும், 1969-க்குப் பிறகு வேலைப் பெர்மிட் இல்லாமல் பல்லாயிரம் பேர் கப்பலேறியதும் தனித்தனியே பேச வேண்டியவை. நம் பேச்சுக்கு வேண்டியது அவற்றின் விளைவு. மன்றத்தை நடத்திய இளைஞர்கள் பட்டணத்துக்குப் போனார்கள். தோட்டத்தில் தங்கிய பிள்ளைக்கு ஆறாம் வகுப்பு வரைதான் பக்கத்தில் பள்ளி. பிறகு புகுமுக வகுப்பு, பட்டணத்து இடைநிலைப் பள்ளி, விடிகாலைப் பேருந்து, புரியாத பாடம். பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் பெருகினார்கள்.

அந்தப் பிள்ளைகளை நினைத்து 1982-இல் எழுந்ததுதான் ஸ்ரீ முருகன் நிலையம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று விரிவுரையாளராக இருந்த டாக்டர் எம். தம்பிராஜா, பல்கலைக்கழக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தொடங்கினார். கோவில் மண்டபம், பள்ளிக்கூடம், கிடைத்த இடத்தில் வகுப்பு. கற்பித்தவர்களில் பலர் தாங்களே தோட்டத்துப் பிள்ளைகள். வகுப்பில் படித்துத் தேறியவன் அடுத்த தலைமுறைக்கு வந்து பாடம் சொல்ல வேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. பெற்றோரையும் விடவில்லை. பத்துமலைக்குக் கல்வி யாத்திரை என்று தாயையும் தகப்பனையும் பிள்ளையோடு சேர்த்து நடக்க வைத்தார்கள். படிப்பு என்பது பிள்ளையின் தலையில் மட்டும் போடும் பாரமன்று, வீடே சேர்ந்து எடுக்கும் நேர்த்திக்கடன் என்று அதற்கு ஒரு பொருள் வந்துவிட்டது. நம் மக்களுக்குக் காவடியும் தெரியும், நேர்த்தியும் தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்கியது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம்.

ஆசிரியர்களாகிய நாங்கள் இதில் எங்கே நிற்பது? இலங்கையில் ஏ. டி. ஆரியரத்ன என்ற பள்ளி ஆசிரியர், 1958-இல் கொழும்பு நாலந்தா கல்லூரி மாணவர்களை ஓர் ஒதுக்கப்பட்ட சிற்றூருக்கு அழைத்துப் போய், ஊர் மக்களோடு சேர்ந்து உழைக்க வைத்தார். அதிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்து ஆயிரக்கணக்கான கிராமங்களை எட்டியது. அங்கே ஊரார் என்ன தேவை என்று சொன்னார்கள், மாணவர்கள் மண்வெட்டி எடுத்தார்கள், ஆசிரியர் வழி காட்டினார். நம் தோட்டங்களில் சில வேளை ஆசிரியரே தலைவர், ஆசிரியரே செயலாளர், ஆசிரியரே பொருளாளர் என்று ஆகிவிடுகிறது. அவருக்கு மாற்றல் உத்தரவு வந்த மறுமாதமே மன்றத்துக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஆலோசகர் நாற்காலி நமக்குப் போதும் என்பது என் கருத்து. சக ஆசிரியர்கள் சிலர் ஒப்பமாட்டார்கள்.

நாற்காலி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நம் நாட்டில் 2007-ஆம் ஆண்டின் இளைஞர் சங்கங்கள், இளைஞர் மேம்பாட்டுச் சட்டம், 15 முதல் 40 வயது வரை உள்ளவரை இளைஞர் என்றது. 2019-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்தி 30 வயதாகக் குறைத்தது. நாற்பதைத் தொட்டும் இளைஞர் பிரிவுத் தலைவராக இருக்கிற அன்பர்கள் சிலருக்கு இது வருத்தமாக இருக்கலாம். தொண்டர் படைக் காலத்து வயதுக் கணக்கோடு ஒப்பிட்டால் முப்பதே தாராளம்.

இன்று ஜொகூரில் ரப்பர்த் தோட்டம் குறைந்து செம்பனைத் தோட்டம் நிறைந்துவிட்டது. குலை அறுக்கப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர் வருகிறார்கள். நம் பிள்ளைகளின் தாய் தகப்பன் பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கோ, பாலம் கடந்து சிங்கப்பூருக்கோ விடியுமுன் புறப்படுகிறார்கள். பிரட்டுக் களத்துக்கு எழுந்த அதே நேரம்தான்; திரும்புவதுதான் இப்போது இருட்டிய பிறகு. பகல் இரண்டு மணிக்குப் பால் நிறுத்துவிட்டு வீட்டுக்கு வந்த தகப்பன் அன்று மாலை மன்றத்துக்கு வர முடிந்தது. பன்னிரண்டு மணி நேர வேலையிலும் இரண்டு மணி நேரப் பயணத்திலும் இருக்கிறவரால் அது முடியாது. எங்கள் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைக் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டது ஒரு தாய். சனிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து, நாலு மணி நேரம் தூங்கிவிட்டு, மகளைத் தானே அழைத்து வருவதாகச் சொன்னார். மாற்றினோம். இப்போது வருகைப் பதிவேட்டை எழுதுவது அந்த மகள்தான்.